என் முறை வந்த சனிக்கிழமை

லாத்தா,

நேற்று செம்பூரில் கண் டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். ஓடிகொலோன். அந்த வாசனை ஏறியதும் நான் டாக்டரையும் மறந்தேன், கண்ணையும் மறந்தேன். மற்றவர்களுக்கு அது காய்ச்சல் வாசனை. எனக்கு அது பாட்டு வாசனை. உங்கள் தரைத்தள வீட்டு ஹாலில், சேலையைச் செருகிக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்து, வீடியோ டெக்கின் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் அந்த வெள்ளித் தலையை ஓடிகொலோன் நனைத்த பஞ்சால், குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். "படத்துல மழை பெஞ்சா மிஷினுக்கு ஜலதோஷம்னு அர்த்தம், மேடம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

நம் கட்டடம் முழுவதும் என்னை மேடம் என்றுதான் அழைத்தது. கான்வென்ட் படிப்பு, ஃபோர்ட்டில் ஸ்டெனோ வேலை, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத சேலை. மற்றவர்கள் மரியாதையாகச் சொன்னதை நீங்கள் மட்டும் கிண்டலாகச் சொல்வீர்கள். என்னைவிட இரண்டே வயது மூத்தவர் நீங்கள். எல்லோருக்கும் நீங்கள் லாத்தா, அக்கா. நான் யாரையும் அவ்வளவு எளிதில் அக்கா என்று கூப்பிடுகிறவள் அல்ல. உங்களைக் கூப்பிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் அந்தக் கட்டடத்தில் டெக் இருந்தது உங்கள் வீட்டில் மட்டும்தான். துபாயிலிருந்து உங்கள் தம்பி கொண்டுவந்தது. தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த உங்கள் வீட்டுக்காரருக்கு அதில் ஆர்வம் இல்லை. உங்களுக்கோ முழுப்படம் பார்க்கப் பொறுமை இல்லை. "கதை நமக்குத் தெரியாததா? பாட்டப் போடு" என்பீர்கள். அப்படித்தான் மாதத்தின் முதல் சனிக்கிழமை பிறந்தது. பிற்பகல் மூன்று மணி, பெண்கள் மட்டும், ஆளுக்கு ஒரு பாட்டு. புதன்கிழமைக்குள் உங்கள் காதில் மட்டும் சொல்லிவிட வேண்டும். பட்டறைக்குப் பக்கத்துக் கேசட் கடையிலிருந்து அந்தப் படங்கள் வந்துவிடும். ஒவ்வொன்றையும் அந்தப் பாட்டு தொடங்கும் இடம்வரை ஓடவிட்டு நிறுத்தி, தையல் மிஷின் மேல் வரிசையாக அடுக்கி வைப்பீர்கள். யார் என்ன பாட்டுச் சொன்னார்கள் என்பது திரையில் வரும்வரை உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பாட்டு முடிந்ததும் சொன்னவள் எழுந்து, ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். தேநீர் வரும்வரை யாரும் குறை சொல்லக் கூடாது.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பரபரப்பை எப்படிச் சொல்லி விளங்கவைப்பது? அதுவரை பாட்டு என்பது வானொலியில் எப்போதோ வரும், வந்தால் உண்டு. டிவியில் வாரம் ஒருநாள் இந்திப் பாட்டு காட்டினார்கள். தமிழ்ப் பாட்டு அபூர்வம். உங்கள் வீட்டிலோ, பாட்டு நமக்காகக் காத்து நின்றது. மறுபடி என்றால் மறுபடி வந்தது. நாயகி திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு கணத்தை நீங்கள் நிறுத்தியே காட்டுவீர்கள். திரை நடுங்கும், அவள் முகத்தில் இரண்டு கோடு ஓடும், நாங்கள் மூச்சுவிட மாட்டோம். ஆபீஸில் சனிக்கிழமை அரைநாள். செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி நான் நடந்த வேகத்தை என் மேலதிகாரி பார்த்திருந்தால் எனக்கு எப்போதோ பதவி உயர்வு தந்திருப்பார்.

மூன்றாம் மாடி மாமி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். ராகம் இல்லாத பாட்டை அவர் பாட்டாகவே கருத மாட்டார். என் எதிர்வீட்டுச் செல்விக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள். பாட்டு மட்டும் ஒரு சொல் பிசகாமல் பாடுவாள். நான் தேர்ந்தெடுத்தவை எல்லாம் நல்ல பாட்டுகள். அப்படித்தான் நினைத்திருந்தேன். நிதானமான பாட்டுகள், உச்சரிப்புச் சுத்தமான பாட்டுகள், நாயகி உட்கார்ந்தே பாடும் பாட்டுகள். நீங்கள் தேர்ந்தெடுத்தவற்றில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புகை வரும், கண்ணாடித் தரையில் விளக்கு எரியும், நாற்பது பேர் வெள்ளிக்கால்சட்டையில் குதிப்பார்கள். தேநீர் வந்ததும் நமக்குள் சண்டை தொடங்கும். "இது பாட்டா லாத்தா, தகர டப்பா மலையிலிருந்து உருண்டு விழுகிறது" என்றேன் ஒருமுறை. "உருளுததுக்கும் ஒரு தாளம் வேணும்லா" என்றீர்கள்.

இதில் என் வீட்டுக்காரரின் பங்கு உங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் முதல் சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் அவருக்குக் காய்கறி வாங்க வேண்டும் என்று தோன்றும். பையோடு திரும்பிவந்து, உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே மாடிப்படியில் நின்றுவிடுவார். செருப்பில் கல் மாட்டியிருக்கும், பை கனக்கும், ஏதாவது ஒன்று. அது என் பாட்டுக்காக அல்ல. நீங்கள் அடிக்கடி போடும் கண்ணாடித்தரைப் பாட்டு ஒன்று இருந்ததே, டிரம் மட்டும் அரை நிமிஷம் தனியாக வாசிக்குமே, அதற்காக. அந்த டிரம் வரும்போது கதவுக்கு வெளியே அவர் குடைக்காம்பால் படிக்கம்பியில் தட்டுவது உள்ளே கேட்கும். மருந்துக் கம்பெனியில் கணக்கு மேலாளர், தேவாலயத்தில் காணிக்கை எடுக்கிறவர், வழுக்கைத் தலை. எனக்கு வெட்கம் தாங்காது. நீங்களோ அது வரும்போதெல்லாம் அவருக்காகவே ஒலியைக் கூட்டுவீர்கள்.

நம் சனிக்கிழமைகளின் இரண்டாம் ஆண்டில், மழை தொடங்கிய வாரத்தில் அவர் இறந்துபோனார். காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், அவ்வளவுதான். தூத்துக்குடியிலிருந்து அவருடைய மூத்த அக்கா வந்து என்னோடு தங்கினார். நல்ல மனுஷி. வந்த அன்றே டிவியை ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடினார். "ஒரு வருஷம் கழியட்டும், தாயீ. பாட்டு கீட்டு எதுவும் வேண்டாம். நாலு பேரு என்ன சொல்லுவாவ" என்றார். ஜெபப் பாட்டுக்கு மட்டும் அனுமதி. நான் மறுக்கவில்லை. அழுகையை யாருக்கும் காட்டாத எனக்கு, அந்த வெள்ளை விரிப்பு ஒரு வசதியாகக்கூட இருந்தது.

ஆனால் முதல் சனிக்கிழமைகள் வந்தன. நீங்கள் எல்லோரும் என் பொருட்டு ஒலியைக் குறைத்து வைத்தீர்கள். அது இன்னும் மோசம். உங்கள் ஹாலுக்கு நேர்மேலே இருந்த என் வீட்டில் பாட்டே கேட்காது, அதன் இடி மட்டும் தரை வழியாக வந்து பாதத்தில் படும். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மாமி வழியில் பார்த்தால் குரலைத் தாழ்த்திப் பேசினார். செல்வி முணுமுணுத்துக்கொண்டே படியேறி வருவாள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வாள். நான் வந்தால் பாட்டு நிற்கிறது என்பது எனக்குப் புரிந்தது. இனி இந்தக் கட்டடத்தில் நான் யார் என்பதும் அதில் இருந்தது. மேடம் போய்விட்டாள், ஒரு விதவை இருக்கிறாள். நீங்களும் கூப்பிடவில்லையே என்பதுதான் அதிகம் வலித்தது. தினமும் குழம்பு கொடுத்தனுப்பினீர்கள், நீங்களே வந்து உட்கார்ந்து அவருக்காகக் கையேந்தி துஆ செய்தீர்கள், பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. இவளும் மற்றவர்களைப் போலத்தான் என்று உங்களைப் பற்றி நினைத்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்தீர்கள். நாத்தனார் ஹாலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தீர்கள், எனக்கு எதிரில் அல்ல.

"நாளைக்குப் புதன்" என்றீர்கள். "மேடம் இன்னும் பாட்டுச் சொல்லல."

நாத்தனாரின் முறம் நின்றது. "என்ன பேசுதிய? இன்னும் அரை வருஷம்கூட ஆவல."

"எங்கள்ல புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளு இத்தா இருக்கணும், மதினி. வெளிய வாசல் கிடையாது. நேத்தோட அது முடிஞ்சிட்டு. அதுவரைக்கும் நானும் வாயத் தொறக்கல. இனிமே துக்கம் மனசுக்குள்ள இருக்கட்டும். ஆளு ஏன் உள்ள இருக்கணும்?"

"அது உங்க வழக்கம். நாங்க வேதக்காரங்க."

"உங்க வேதத்துல ஒரு வருஷம்னு எங்க இருக்குன்னு மேடம்ட்ட கேளுங்க. அவதான் கான்வென்ட்டுல படிச்சவ."

நாத்தனார் என்னைப் பார்த்தார். இருக்கிறதென்று சொல்லலாம், நாத்தனார் சந்தோஷப்படுவார். ஆனால் பைபிள் வகுப்பில் பரிசு வாங்கியவள் நான். "அப்படி எங்கும் இல்லை, அண்ணி" என்றேன். லாத்தா, ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்காக நீங்கள் உங்கள் வழக்கப்படி நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. உங்களை வாசல்வரை வழியனுப்ப வந்தபோது, காதில் என் பாட்டைச் சொன்னேன். உங்கள் முகம் ஒன்றும் காட்டவில்லை. அதற்காக உங்களுக்குத் தனியாக ஒரு பதக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை வெள்ளைச் சேலையில் இறங்கி வந்தேன். நாத்தனாரும் வந்தார், காவலுக்கு. கதவோரம் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தார். எனக்கு மட்டும் சோபாவில் மெத்தை வைத்திருந்தார்கள்.

முதல் பாட்டு மாமியுடையது. குழந்தையைப் பறிகொடுத்த தாய் ஆற்றங்கரையில் பாடுகிறாள். சரி. அடுத்தது செல்வி. காதலன் ரயிலில் போகிறான், அவள் பிளாட்பாரத்தில் விழுகிறாள். சரி. மூன்றாவதில் மழை, சுடுகாடு. நான்காவதில் ஒரு நாய்கூட அழுதது. ஒவ்வொருத்தியும் தனித்தனியே யோசித்து, மேடம் மனம் நோகக் கூடாதென்று தன் பாட்டை மாற்றியிருக்கிறாள்! ஒருத்திக்கும் அடுத்தவள் செய்தது தெரியாது. எழுந்து காரணம் சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். ஆறாவது பாட்டில் நாயகன் நெஞ்சில் அம்போடு முழுப் பல்லவியையும் பாடினான். மாமி நிஜமாகவே விசும்பத் தொடங்கினார். செல்வி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து, தானும் அழுது, "ஆன்ட்டி, ஸாரி, நான் டான்ஸ் பாட்டுதான் சொல்லியிருந்தேன், அப்புறம் லாத்தாகிட்ட சேஞ்ச் பண்ணிட்டேன்" என்று உளறினாள். மாமியின் விசும்பல் நின்றது. "நீயுமாடி? நானும் மாத்தினேனே." ஹால் முழுவதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் எழுந்தேன். தேநீர் இன்னும் வரவில்லை. விதி எனக்குத் தெரியும். "ஒரு மனிதர்தான் இறந்தார்" என்றேன். "இந்த வீட்டில் ஒரு மணிநேரத்தில் ஆறு பேரைக் கொன்றுவிட்டீர்கள். போதும்."

நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். டெக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தலைத்துணி நழுவ நழுவச் சிரித்தீர்கள். புதன்கிழமை முதலே உங்களுக்கு எல்லாம் தெரியும். ஒருத்தியிடமும் சொல்லாமல் ஆறு ஒப்பாரியையும் வரிசையாக அடுக்கி, என் கேசட்டைக் கடைசியில் வைத்தது நீங்கள்தான். "நீ எந்திரிச்சு நிப்பாட்டுவியா, இல்ல உக்காந்து அழுவியான்னு எனக்குத் தெரியணும்லா" என்றீர்கள்.

என் கேசட்டைப் போட்டீர்கள். புகை வந்தது. கண்ணாடித் தரையில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஓடியது. இரண்டு வருஷம் தகர டப்பா என்று நான் திட்டிய அதே பாட்டு. செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். நாயகி தங்க பெல்ட்டை ஆட்டிக்கொண்டு இறங்கிவர, நாற்பது வெள்ளிக்கால்சட்டைகளும் ஒன்றாகத் திரும்பின. எவ்வளவு அழகாகத் திரும்பினார்கள் தெரியுமா! ஒருவன்கூடப் பிந்தவில்லை. உச்சரிப்பில் குறை தேடுகிற நான், அந்த ஒழுங்கை அதுவரை கவனிக்கவே இல்லை. டிரம் வரப்போகும் நேரத்தில் நீங்கள் எழுந்து ஒலியைக் கூட்டினீர்கள். பிறகு நடந்துபோய், மாடிப்படிப் பக்கக் கதவை விரியத் திறந்து வைத்தீர்கள். டிரம் சத்தம் படிக்கு வெளியே போயிற்று. அரை நிமிஷமும் நான் படியைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். என் விரல்கள் சோபாக் கையில் தட்டிக்கொண்டிருந்தன.

முடிந்ததும் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். "என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்" என்று தொடங்கினேன். அது பாதிதான் உண்மை. திருத்திக்கொண்டேன். "எனக்குப் பிடித்திருக்கிறது."

நாத்தனார் கதவோரத்திலிருந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பிக்கு இந்தப் பாட்டா பிடிக்கும்? சின்னதுல வீட்டுல தட்டுல தாளம் போட்டு அடி வாங்குனதே இவன்தான்." பிறகு உங்களைப் பார்த்து, "மறுபடி போடலாமா?" என்றார்.

நீங்கள் மாஹிமில் மகன் வீட்டுக்குப் போன பிறகும் தொலைபேசியில் ஆளுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொண்டோம். நீங்கள் மவுத்தாகி உங்கள் ஜனாஸா புறப்பட்ட அன்று நான் உங்கள் மருமகளோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் நான் எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: முதல் சனிக்கிழமைக்குள் ஒரு பாட்டுத் தேர்ந்தெடுப்பது, போன மாதப் பாட்டைத் திரும்பச் சொல்லாமல் இருப்பது. என் வயதுப் பெண்கள் பிடித்த பாட்டு எது என்று கேட்டால், முப்பது வயதில் பிடித்ததையே சொல்கிறார்கள். எனக்கு அது சோம்பலாகப் படுகிறது.

இந்த மாதம் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன், லாத்தா. போனில் பார்த்தேன். ஒரு பெண், மொட்டைமாடி, துணி காயப்போடும் கயிறுகள். கதை எதுவும் இல்லை, நாயகனும் இல்லை. அவள் ஈரத் துணியை உதறுகிறாள், உதறும் சத்தமே தாளமாகிவிடுகிறது. மூன்றாவது உதறலில் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். உச்சரிப்பு மோசம். ஏன் பிடித்தது என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, சனிக்கிழமைக்குள் கண்டுபிடித்துவிடுவேன்.