ஆல்ட்டோ வரிசையிலிருந்து

ஈப்போ,
ஆகஸ்ட் மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள ஜெனட்,

நீயும் கிளெனும் மருமகளும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஆண்டவரிடம் கேட்கிறேன். அவர் செய்தாரா இல்லையா என்று நீதான் எழுத வேண்டும். நீயோ ஃபோனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் படம் மட்டும் அனுப்புகிறாய். பூப்படம் பார்ப்பதற்கா இத்தனை வருஷம் கோயில் கொயரில் பாடிக்கொண்டு உன் பக்கத்திலேயே நின்றேன்? அதனால்தான் கடிதம். கையால் எழுதினால் பாதியில் மூடிவைக்க மாட்டாய் என்று ஒரு நம்பிக்கை.

கிளென் எல்லாவற்றையும் சொன்னான். கழுத்துக் கட்டியை எடுத்த பிறகு உன் குரல் நரம்பு தளர்ந்துவிட்டதாம், இனிப் பழைய குரல் வராதாம். "அம்மா கிசுகிசுன்னுதான் பேசறாங்க ஆண்ட்டி, பாட்டுப் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சிப் போயிடறாங்க" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, நீ ஈப்போவுக்குத் திரும்புவதாக இல்லை, பெர்த்திலேயே இருந்துவிடப் போகிறாய் என்றான். உன் வீட்டை வாடகைக்கு விட ஏஜெண்ட் வருவார், என்னிடம் இருக்கும் சாவியை அவரிடம் கொடுத்துவிட வேண்டுமாம். சரி என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

ஏஜெண்ட் வந்தார். சாவியைக் காணோம், தேடுகிறேன் என்றேன். மறுபடி வந்தார். அப்போது வீட்டுக்குள் இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. இந்த வயதில் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய். உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்தானே நீ?

கோயில் செய்தி கேள். மழை விட்டபாடில்லை. ஓயாமல் பெய்யும் அந்தத் தைப்பிங் ஊர் மழை வழி தவறி இங்கே வந்துவிட்டது போல. ஈரத்தில் ஆர்கனின் மரமெல்லாம் ஊதிக் கிடக்கிறது. போன மாதம் போதகர் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு கட்டை அமுங்கினது அமுங்கினபடியே நின்றுகொண்டது. ஒரே சுரம், ஊ என்று, நிறுத்தாமல். போதகர் விட்டுக்கொடுப்பாரா? அதைவிடச் சத்தமாக ஜெபித்தார். கடைசியில் ஆர்கனுக்குக் காற்றடிக்கும் மோட்டார் சுவிட்சை அணைத்தார்கள். உள்ளே இருந்த காற்றெல்லாம் தீரும்வரை அது முனகி முனகி அடங்கியது. ஆண்களின் பேஸ் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பிச்சைமுத்து அண்ணன் திடுக்கிட்டு எழுந்து, உரக்க ஆமென் என்றார். நீ இருந்திருந்தால் என் முழங்கையை இடித்திருப்பாய். புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்திருப்போம். தனியாகச் சிரித்துப் பார்த்தேன், வரவில்லை.

இப்போது ஆர்கன் வாசிப்பது ரோய்ஸ்டன். நீ போன பிறகு வந்தவர், இங்கே வங்கியில் வேலை. நல்ல கை. ஆனால் கொஞ்சம் அவசரக்காரர். நீ இல்லாமல், மெட்டைப் பாடும் மேல்குரலுக்கு மெலிண்டா ஒருத்திதான் மிச்சம். மெட்டுக்குக் கீழே துணையாகப் போகும் ஆல்ட்டோவில் நான் ஒருத்தி. "ஒரே ஒரு ஆல்ட்டோவ வச்சிக்கிட்டு என்ன செய்றது ஆண்ட்டி? மேல வந்து மெலிண்டாகூட மெட்டப் பாடுங்க லா" என்றார் ரோய்ஸ்டன். போய் நின்றேன். முதல் வரி ஒழுங்காகத்தான் வந்தது. இரண்டாவது வரியில் என் தொண்டை தானாகக் கீழே இறங்கிவிட்டது. பாவம் மெலிண்டா, அவளும் என் பின்னாலேயே இறங்கி வந்து வழி தெரியாமல் நின்றாள். ரோய்ஸ்டன் வாசிப்பை நிறுத்திவிட்டு, "பரவால்ல ஆண்ட்டி, நீங்க பழைய எடத்துக்கே போங்க" என்றார். வந்துவிட்டேன். என் இடது பக்கம் காலியாகவே இருக்கிறது.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. சிரித்தாலும் சரி, சிரித்தேன் என்று ஒரு வரி எழுதிப் போடு.

நம் கொயரில் டெனர் குரல் பாடுகிற தேவனின் அப்பா தவறிவிட்டார். புந்தோங்கில் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். நல்ல கூட்டம், உறவுக்காரர்கள் கோப்பெங்கிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஆர்கன் இல்லை, கிட்டார்கூட இல்லை. கொயரிலிருந்து வந்த பெண் நான் ஒருத்திதான். போதகர் என்னைப் பார்த்து, "இசபெல்லா அக்கா, ஒரு பாட்டு எடுங்க" என்றார். சாவு வீடுகளில் எப்போதும் பாடுகிற ஞானப்பாட்டுதான், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். ஒருவரும் சேரவில்லை. துக்கத்தில் தொண்டை அடைத்திருக்கிறது போல என்று நினைத்து இன்னும் அழுத்திப் பாடினேன். பக்கத்தில் இருந்த சரளா, தேவனின் அக்கா, என் காதருகே குனிந்து, "அக்கா, இது எந்தப் பாட்டு? நம்பராச்சும் சொல்லுங்க" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. நான் ஆல்ட்டோவைப் பாடிக்கொண்டிருக்கிறேன். மெட்டே இல்லை. நிறுத்தலாம் என்று பார்த்தால், தேவன் தலை நிமிர்ந்தான். அழுதுகொண்டிருந்தவன் என் குரலை அடையாளம் கண்டு, பழக்க தோஷத்தில் தன் டெனர் வரியைப் பிடித்துவிட்டான். இரண்டு பேருமாக மெட்டில்லாமல் ஒரு சரணத்தை முழுதாகப் பாடி முடித்தோம். சனம் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து கோப்பி போட்டேன், குடிக்க மனசு வரவில்லை. அந்தப் பாட்டை எனக்கு அத்தனை வருஷமாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன், ஜெனட்.

பக்கத்து வீட்டு மங்களத்துக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. வாழைப்பழம் பொரித்து பீசாங் கோரேங் கொண்டு வந்தவள், வாசலில் நின்றபடியே, "அக்கா, சாயங்காலம் நீங்க பாடறது செவரு வழியா கேக்குது. நல்லாத்தான் இருக்கு. ஆனா யார்கிட்டயோ போன்ல பேசற மாதிரி, ஒரு பக்கம்தான் கேக்குது லா" என்றாள். கோயிலுக்கே போகாதவள், அவள் காதுக்கு எட்டியிருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் பாடுவதில்லை. டிவியைப் போட்டுவிடுகிறேன். எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

இன்று காலை ஆராதனை முடிந்ததும் ரோய்ஸ்டன் என்னைக் கூப்பிட்டார். "ஆண்ட்டி, ஒவ்வொரு வரிக்கும் லேட்டா வாரீங்க. முன்னாடி கண்ணாடி இருக்குல்ல, அதுல என் தலையப் பாருங்க, நான் அசைக்கும்போது வந்துடுங்க" என்றார். ஆர்கன்மேல் அவர் கண்ணாடி மாட்டியிருக்கிறார், நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் முகம் தெரியட்டும் என்று. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் தலை ஆடுகிறது, நான் அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறேன். இத்தனை வருஷம் பாடியவள் ஏன் இப்படித் தடுமாறுகிறேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நம் குடியிருப்புத் தாமான் முனையில் இறங்கவேண்டியவள் அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்கினேன். நடந்து வரும்போது புரிந்தது.

நான் எந்தக் காலத்திலும் யார் தலையையும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நீ மூச்சு இழுப்பாய். மூக்கால், கொஞ்சம் சத்தமாக. அதற்காகப் பழைய கொயர் மாஸ்டர் உன்னைத் திட்டியும் நீ விட்டதில்லை. அதைக் கேட்டுத்தான் நானும் மூச்சு எடுப்பேன். நீ எவ்வளவு இழுக்கிறாய் என்பதிலேயே வரி எவ்வளவு நீளம், எப்போது தொடங்குகிறாய் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். பாடத் தொடங்கிய பிறகு என் காதில் என் குரல்தான் கேட்கும். உன் குரல் இனிமை என்று ஊரே சொல்லும், நானும் ஆமாம் என்பேன். உண்மையைச் சொன்னால், நான் அதைச் சரியாகக் கேட்டதே இல்லை.

குரல் இல்லாமல் கோயிலில் வந்து எப்படி நிற்பேன், பார்க்கிறவர்கள் என்ன ஆச்சு என்று கேட்பார்களே என்று நீ கிளெனிடம் சொல்லியிருக்கிறாய். கேட்கட்டும். கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். என் வாய் உனக்குத் தெரியாதா? நடக்கிறாளா, தூங்குகிறாளா, மூச்சு சீராக இருக்கிறதா என்று அவனிடம் கேட்டேன். அதெல்லாம் நல்லா இருக்கு ஆண்ட்டி என்றான்.

அப்படியானால் வந்துவிடு, ஜெனட். நீ பாட வேண்டாம். வாயை அசைக்கக்கூட வேண்டாம். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு என் இடது பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு மூச்சு மட்டும் இழு. அதற்குப் பிறகு நான் பாடிக்கொள்கிறேன்.

உனக்கு மூச்சைத் தந்தவர் அதை உன்னில் நெடுங்காலம் வைத்திருப்பாராக.

உன் வலது பக்கத்துக்காரி,
இசபெல்லா