பதினாறு வருஷத்து அரியர்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

ரயிலில் இன்று உட்கார இடம் கிடைத்தது. ஏவன்டேலில் ஏறி, நியூமார்க்கெட்டில் மாறி, ஒடாஹுஹு போய் இறங்குவதற்குள் மூன்று கணக்கு போட்டேன். இரண்டு சரி. மூன்றாவதில் ஒரு மைனஸை விட்டுவிட்டேன். ‘ச்சே!’ என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து சீட் பெண் இயர்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். முப்பத்தொன்பது வயதில் இது தேவையா? தேவைதான்.

என் பி.இ. முடியவில்லை. இதை இந்த நோட்டிலாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பாலிடெக்னிக் முடித்து நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தவன் நான். மற்ற எல்லாப் பேப்பரும் 2009-லேயே பாஸ். எம்-த்ரீ என்கிற மூன்றாவது கணக்குப் பேப்பர் மட்டும் அரியர். ஐந்து தடவை எழுதி ஐந்து தடவையும் போனேன். அப்புறம் காலக்கெடுவே முடிந்துவிட்டது. இந்த நாட்டுக்கு விசா கிடைத்தது டிப்ளமோவுக்கும் அனுபவத்துக்கும்தான். குளிர்பதன டெக்னீஷியன் வேலை, ஒரு குறையும் இல்லை. ஆனால் கூல்ரூம் டிசைன் பிரிவில் ஒரு இடம் வரப்போகிறது, டிகிரிக்குச் சேர்ந்துவிட்டால் உனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

இங்குள்ள கல்லூரி என் பழைய மார்க் ஷீட்டுகளைப் பார்த்துவிட்டு, ஒன்றரை வருஷம் படித்தால் போதும் என்றது. கணக்கு மட்டும் வேண்டுமாம். ஒரு வெளிநாட்டுக் கல்லூரியின் ஆன்லைன் கோர்ஸை முடித்து, வீட்டிலிருந்தே கேமரா முன்னால் பரீட்சை எழுதினால் அந்த கிரெடிட்டை ஏற்றுக்கொள்வதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மொத்தச் செலவு எங்கள் ஒரு வார வாடகைகூட இல்லை. நவம்பர் 28க்குள் ரிசல்ட் வந்தால் பிப்ரவரியில் சேரலாம். வராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ.

29 ஆகஸ்ட், வெள்ளி

இன்று வேனில் ஒரு கூத்து. மதிய இடைவேளையில் லெக்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரின் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர், நேரம் போகப்போக நடுவில் எவ்வளவு இருக்கும் என்று ஒரு சமன்பாடு. அட, இது நம்ம கூல்ரூம் சுவர்தானே! பதினைந்து வருஷமாகக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற விஷயம். ஐந்து தடவையும் என்னைக் கவிழ்த்தது இந்தக் கணக்குதான். அப்போது யாராவது ஒரு கூல்ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தால் பாஸ் ஆகியிருப்பேன்.

என்னோடு வேலை செய்யும் தவராசா அண்ணரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே கேட்டார். “ஓமோம். அப்ப நீர் பதினைஞ்சு வருசமா பரீட்சை எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர். இனி மார்க் மட்டும்தானே வாங்க வேணும்?”

நாளெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

14 செப்டம்பர், ஞாயிறு

மாமா வந்து இறங்கிவிட்டார். என் மனைவி அபர்ணாவின் அப்பா, திருநாவுக்கரசு. தஞ்சாவூரில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை போன வருஷம் தவறியதிலிருந்து தனியாக இருக்கிறார். ஐந்து மாதம் இங்கேதான். எங்கள் மகள் அஸ்வினிக்கு ஒரே கொண்டாட்டம், ஏர்போர்ட்டிலேயே தாத்தாவின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

சங்கடம் ஒன்றே ஒன்று. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டது மாமாதான். புரூஃப் என்னிடம் வந்தது. மண்டபத்தின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினேன், பி.இ.யைத் திருத்தவில்லை. கல்யாணம் செப்டம்பர், பரீட்சை நவம்பர், எப்படியும் பாஸ் பண்ணிவிடலாம் என்று ஒரு தைரியம். நவம்பரில் என்ன ஆயிற்று என்று உலகத்துக்கே தெரியும் — மாமாவைத் தவிர.

அபர்ணாவிடம் அந்த டிசம்பரிலேயே சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள், பிறகு இரண்டு நாள் பேசவில்லை. இன்றும் அவளுக்கு அதே பயம்தான். “அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. அவருக்கு எழுத்துல இருந்தா அது சத்தியம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறோம், பதின்மூன்று வருஷமாக.

5 அக்டோபர், ஞாயிறு

ஏவன்டேல் சந்தைக்கு மாமாவோடு போனேன். ஒவ்வொரு கத்தரிக்காயையும் பத்திரத்தில் வில்லங்கம் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாதிரித் தேர்வில் 68. ஐம்பது வந்தால் பாஸ்.

17 அக்டோபர், வெள்ளி

நாளைக் காலை எட்டு மணிக்குப் பரீட்சை. படுக்கையறையில்தான், கதவு சரியாகச் சாத்துகிற ஒரே அறை அது. மேஜையில் ஒன்றும் இருக்கக் கூடாது, அறைக்குள் யாரும் வரக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. மாமாவிடம், “மாப்பிள்ளைக்கு ஆபீஸ் மீட்டிங், மூணு மணி நேரம்” என்று அபர்ணா சொல்லிவைத்திருக்கிறாள்.

18 அக்டோபர், சனி

போச்சு.

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். சுவரில் தினசரிக் காலண்டர் — அதில் என்ன எண்கள் என்று கண்காணிப்பாளர் கேட்டார். ராகு காலம் என்று எப்படிச் சொல்வது? கழற்றி வெளியே வைத்தேன். எட்டு கேள்வியில் ஆறு முடித்துவிட்டேன். ஆறும் சரி, எனக்குத் தெரியும்.

ஒன்பது ஐம்பதுக்குக் கதவு திறந்தது. மாமா. கையில் டபரா டம்ளர்.

“மாப்பிள்ளை, காபி. ஆறிடப் போவுது.”

நான் வாயைத் திறக்காமல் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, குனிந்து லேப்டாப்பைப் பார்த்து, “குட் மார்னிங் சார்!” என்றார். அதோடு விடவில்லை. “கன்டினியூ, கன்டினியூ” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

திரை வெள்ளையாகிவிட்டது. தேர்வு நிறுத்தப்பட்டது, காரணம்: அறையில் இன்னொரு நபர், உரையாடல் என்று ஒரு அறிவிப்பு.

அபர்ணா கடைக்குப் போயிருந்த பத்து நிமிஷம். அவள் வந்து கத்தினாள், “ஏம்ப்பா உள்ள போனீங்க?” மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ரெண்டு மணி நேரமா மீட்டிங் நடக்குது, நடுவுல ஒரு காபி போவ வேணாமா? எங்க ஆபீஸ்ல கலெக்டர் மீட்டிங்னாகூட பதினொரு மணிக்குள்ள காபி போயிடுமே.”

அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? மீட்டிங் என்று சொன்னது நாங்கள்தானே. அது மீட்டிங் இல்லை, பரீட்சை என்று மட்டும் இப்போது சொன்னோம். என்ன பரீட்சை என்றதற்கு, “கம்பெனி ட்ரெயினிங்ப்பா” என்றாள் அபர்ணா. இன்னொரு பூசணிக்காய்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மாமா எண்ணெய் தேய்த்துக் குளித்தார், இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். “என்னால கெட்டுதே” என்று அஸ்வினியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது, “இட்ஸ் ஓகே தாத்தா, ஹி கேன் டூ இட் அகெய்ன்” என்றது.

முடியும்தான். பத்து நாளுக்குள் முறையிட வேண்டும். உள்ளே வந்தவரே நடந்ததை எழுதி, அதிகாரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் மறு வாய்ப்பு தருவது பற்றி யோசிப்பார்களாம்.

“வேலிக்கு ஓணான் சாட்சியா?” என்றாள் அபர்ணா. ஆனால் மாமாவின் முகம் இரண்டு நாளில் முதல்முறையாகத் தெளிந்தது. “வாக்குமூலமா? அத நான் எழுதறேன்.”

22 அக்டோபர், புதன்

சொல்லிவிட்டேன்.

நான் வேலையிலிருந்து வந்தபோது மாமா வெள்ளைத்தாளோடு மேஜையில் காத்திருந்தார். பெயர், தகப்பனார் பெயர், வயது, எல்லாம் எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “பரீட்சை எதுக்குன்னு ஒரு வரி போடணும் மாப்பிள்ளை. கம்பெனி பேரு என்ன, ட்ரெயினிங் பேரு என்ன?”

அபர்ணா அடுப்படியிலிருந்து கண்ணைக் காட்டினாள். ஏதாவது ஒரு பெயர் சொல்லியிருக்கலாம். பதின்மூன்று வருஷம் பழகின வாய்தானே. ஆனால் அந்த மனுஷன் அதைத் தன் கையெழுத்தில் எழுதி, சத்தியம் செய்து கையெழுத்துப் போடப்போகிறார். அவரைப் பொய் சாட்சி ஆக்குவதா? அது என்னால் ஆகவில்லை.

“ட்ரெயினிங் இல்ல மாமா. நான் பி.இ. முடிக்கல. ஒரு பேப்பர் நின்னுபோச்சு. அதுக்காகத்தான் எழுதினேன்.”

பேனாவை மூடினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையைக்கூட எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வந்து, நேரே படுத்துவிட்டார்.

அஸ்வினிக்குத்தான் ஆச்சரியம் தாங்கவில்லை. “டாட், யூ ஃபெயில்ட் மேத்ஸ்?”

23 அக்டோபர், வியாழன்

“அவர் சாப்ட்டாச்சா?” என்று அபர்ணாவிடம் கேட்கிறார். அவர் என்றால் நான். மாப்பிள்ளை என்ற சொல்லே வீட்டில் இல்லை.

25 அக்டோபர், சனி

காலையில் எனக்கு முன்னால் குளித்துத் தயாராக நின்றார். வெளுத்த சட்டை, பையில் பேனா. “இங்க கெஜட்டட் ஆபீசர் எங்க உக்காந்திருப்பாரு?” என்றார். லைப்ரரியில் சனிக்கிழமைகளில் ஜே.பி. என்கிற கௌரவ அதிகாரி ஒருவர் உட்கார்ந்து இலவசமாகச் சான்றொப்பம் போடுவார். அங்கே கூட்டிப்போனேன்.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, என்னைப் பார்க்காமலே பேசினார்.

“முப்பத்துநாலு வருஷத்துல மூலப்பத்திரம் பாக்காம ஒரு குடிசைய நான் பதிய விட்டதில்ல. உங்க சர்ட்டிபிகேட்ட மட்டும் கேக்காமயே அச்சடிச்சிட்டேன். அது என் தப்பு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“பாக்கி உங்க தப்பு” என்றார். பிறகு, “அந்தத் தாளை ஒரு தடவை படிச்சிடுங்க. தப்பு இருந்தா இப்பவே சொல்லிடணும்” என்று நீட்டினார்.

ஆங்கிலத்தில், முத்து முத்தாக. அக்டோபர் 18 அன்று காலை 9.50க்குத் தாம் அழைக்கப்படாமல், காபி கொடுக்கும் ஒரே நோக்கத்தோடு அறைக்குள் சென்றதாகவும், வணக்கம் சொன்னது கண்காணிப்பாளருக்கே என்றும், மருமகன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றும். அதற்குக் கீழே: என் மருமகன் பாஸ்கரன் பொறியியல் பட்டம் இதுவரை பெறவில்லை. அதைப் பெறும் பொருட்டே இத்தேர்வை எழுதினார். எனக்கு இது தெரிவிக்கப்படாததே குறுக்கீட்டுக்குக் காரணம்.

படித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. கூச்சமாகவும் இருந்தது, லைப்ரரியில் போய். ஒரு பிழையும் இல்லை மாமா என்றேன். ஜே.பி. அம்மா, மாமாவின் கையெழுத்து எவ்வளவு அழகு என்று இரண்டு முறை சொன்னார். மாமா அதை மறுக்கவில்லை.

3 நவம்பர், திங்கள்

மறு தேர்வு கொடுத்துவிட்டார்கள்! நவம்பர் 15. மின்னஞ்சலில் கடைசி வரி, ‘சாட்சியின் தெளிவான அறிக்கைக்கு நன்றி’. அதை மாமாவுக்கு மூன்று முறை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

15 நவம்பர், சனி

எழுதிவிட்டேன். எட்டில் ஏழு நிச்சயம்.

மாமா ஏழு மணிக்கே அஸ்வினியை அழைத்துக்கொண்டு பஸ் பிடித்து வெஸ்ட்கேட் மாலுக்குப் போய்விட்டார். கடை திறக்கவே ஒன்பது ஆகுமே என்றதற்கு, “பரவால்ல, நாங்க வாசல்ல நிக்கறோம்” என்றாராம். பதினொன்றுக்குப் பரீட்சை முடிந்தது. அவர்கள் திரும்பி வந்தது மூன்று மணிக்கு. வாசலில் நின்று, “உள்ள வரலாமா மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை.

25 நவம்பர், செவ்வாய்

74. கல்லூரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

தவராசா அண்ணர் கைகுலுக்கவில்லை, முதுகில் ஒரு அடி. “இனி எங்களோட கதைப்பீரோ, மாட்டீரோ?”

28 நவம்பர், வெள்ளி

கிரெடிட் ஏற்கப்பட்டது. பிப்ரவரி சேர்க்கை உறுதி. மேனேஜரிடம் கடிதத்தைக் காட்டினேன், டிசைன் இடத்தை எனக்கு வைத்திருப்பதாகச் சொன்னார். அபர்ணா கடிதத்தை வாங்கி, படித்து, என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். இது அந்த டிசம்பருக்கு என்றாள்.

18 ஜனவரி 2026, ஞாயிறு

மாமா கிளம்ப இன்னும் நான்கு வாரம். சாப்பாடு முடிந்து எல்லோரும் முன்னறையில் இருந்தோம். தஞ்சாவூரிலிருந்து அவர் தம்பி பேசினார், போன் ஸ்பீக்கரில். மகள் சிந்து எம்-த்ரீயில் போய்விட்டாளாம். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். வெளியில் யாருக்கும் சொல்லவில்லை, உனக்கு மட்டும்தான் சொல்கிறேன் என்று அவர் குரலைத் தாழ்த்தினார்.

எனக்கு அங்கே உட்காரக் கூச்சமாகிவிட்டது. எழுந்து அஸ்வினியின் அறைப்பக்கம் போகப் பார்த்தேன்.

மாமா குரலைத் தாழ்த்தவில்லை. “இதுல மறைக்க என்னடா இருக்கு? நம்ம மாப்பிள்ளையே அதுல போனவர்தான். ஒரு தடவை இல்ல, அஞ்சு தடவை. பதினாறு வருஷம் கழிச்சு இப்ப பாஸ் பண்ணியிருக்காரு. பாப்பாகிட்ட போனைக் குடு.” பிறகு என்னைக் கூப்பிட்டு, போனை என் கையில் வைத்தார். “பேசுங்க மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்தக் குடும்பத்துல வேற யாருக்குத் தெரியும்?”

அந்தப் பக்கம் விசும்பல் மட்டும் கேட்டது. “எந்த யூனிட்ல போச்சு சிந்து?” என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் மெதுவாக, “நெஜமாவே அஞ்சு தடவையா அத்தான்?”