எந்தத் துணி

3-3-1952, திங்கள்

கிணற்றில் தண்ணீர் இன்னும் ஒரு முழம் இறங்கிவிட்டது. வாளியை இழுக்கும்போதெல்லாம் சித்தையன் என்னைத்தான் முறைக்கிறான், மழையை நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன் போல. கிளப்பிலிருந்து கடைக்குக் கழுவ வந்த கம்பளத்தை இன்றோடு முடித்தோம். காபிக் கறை போயிற்று. சிகரெட் சுட்ட ஓட்டைகள் மூன்றும் அடைத்தாயிற்று.

மத்தியானம் முதலாளி நஞ்சுண்டசாமி வண்டியிலிருந்து இன்னொரு கம்பளத்தை இறக்கச் சொன்னார். சுருளைப் பிரித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. தந்த நிறத்தில் நடுப்பகுதி, சிவப்புக் கரை, கரையில் நீலப் பூ. அக்ரஹாரத்துச் சுந்தராம்பாள் அம்மாள் வீட்டுக் கம்பளம். ஓடு ஒழுகி ஒரு பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை. ஏப்ரல் இருபதாம் தேதி அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம், கூடத்தில் விரிக்க வேண்டுமாம்.

முதலாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

4-3, செவ்வாய்

1943இல் நான் இந்தக் கடையில் சேர்ந்திருக்கவில்லை. ஊசி, கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கம்பளம் தைத்துக்கொடுத்தேன். சுந்தராம்பாள் அம்மாள் வீட்டில் சாம்பிராணித் தணல் விழுந்து சிவப்புக் கரையில் ஒரு சாண் கருகியிருந்தது. சண்டைக் காலம். சீமைச் சாயம் கண்ணில் படுவதே இல்லை. தேவராஜ மார்க்கெட்டில் காகிதப் பூவுக்குப் போடுகிற சிவப்புப் பொடிதான் கிடைத்தது. கம்பளி நூலை அதில் முக்கினேன். நிறம் அப்படியே பொருந்திவிட்டது. தண்ணீர் பட்டால் நிற்காது என்று எனக்குத் தெரியும்.

அம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தைத்த இடத்தைத் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. சிரித்தார். "கெட்டிச் சாயம்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா" என்றேன். அவர் அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது வேறு பதில் வாயில் வரவில்லை.

6-3, வியாழன்

எங்கள் கடையில் ஒரு சட்டம். தண்ணீர் படுவதற்கு முன்னால் ஈரமான வெள்ளைத் துணியைக் கம்பளத்தின் ஒவ்வொரு நிறத்தின் மேலும் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். துணி வெள்ளையாகவே வந்தால் அதைக் கம்பளத்தின் மூலையில் கட்டிவிட்டுக் கழுவலாம். நிறம் ஏறினால் கழுவக் கூடாது. துணி வைப்பது பசம்மாவின் வேலை. ராமாபுரத்துப் பெண். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான்தான் முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

காலையில் துணியோடு வந்து நின்றாள். நடுவில் வெற்றிலை துப்பியதுபோல ஒரு சிவப்பு.

"ஏனுங்கண்ணா, கரையில ஒரு சாண் மட்டும் செவப்பு விடுது. அது பழைய நூலு இல்லீங்க. ஆரோ பின்னால வெச்சுத் தெச்சிருக்கறாங்க."

ஒன்பது வருஷமாக யாரும் கண்டுபிடிக்காத இடம். ஒரு காலைப்பொழுதில் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

செய்ய வேண்டியது எதுவென்று எனக்குத் தெரியாதா? அந்த ஒரு சாணைப் பிரித்து எடுத்துவிட்டு, கழுவி, நல்ல சாயத்தில் புதிதாகத் தைக்க வேண்டும். ஆனால் பிரித்தால் முதலாளி வந்து பார்ப்பார். எந்த மடையன் தைத்தான் என்று கேட்பார். துணியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "தண்ணியில காடி கலந்து ஊத்தினா சாயம் நின்னுடும், நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் கரையை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு சித்தையனைத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள்.

நிற்கவில்லை.

7-3, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் முதலாளி கம்பளம் கழுவும் கல்தளத்துக்கு வந்தார். தந்த நிறத்தில் இரண்டு முழத்துக்குச் சிவப்பு ஓடியிருந்தது. சத்தம் போடுகிற மனிதர் இல்லை. துணி வைத்துப் பார்த்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். நான்கு பேர் நின்றோம். என் வாய் முந்திக்கொண்டது. "பசம்மா பாத்திருக்கணும்" என்றேன்.

பொய்கூட இல்லை பார். பார்த்திருக்க வேண்டியவள் அவள்தான். பார்க்கவும் பார்த்தாள்.

பசம்மா என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. நான் ஏதோ மறந்துபோனேன், ஞாபகப்படுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். "உங்க கையிலதானுங்கண்ணா துணியக் குடுத்தேன்" என்றாள்.

"எந்தத் துணி?" என்று கேட்டேன்.

அப்போது அது என் சட்டைப்பையில் ஈரமாக இருந்தது. நெஞ்சில் அந்த ஈரம் தெரிந்தது. முதலாளி அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவள் சண்டை போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, புடைவைக் கொசுவத்தை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

துணி இந்த நோட்டுக்குள் இருக்கிறது. நேற்றைய பக்கத்தில் சிவப்பு ஊறிவிட்டது.

8-3, சனி

எந்தத் துணியாம். கேட்கிறான் பார்.

11-3, செவ்வாய்

காடித் தண்ணீரில் ஒன்பது தடவை அலசினேன். சிவப்பு ரோஜா நிறமாயிற்று. அதற்குமேல் நகரமாட்டேன் என்கிறது. காரமான மருந்து போட்டால் கம்பளியே இற்றுவிடும். ஆகவே கறைபட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு, தந்த நிற நூலில் புதிதாக முடிச்சுப் போட வேண்டியதுதான். ஒரு விரல் அகலத்துக்கே அரை நாள் ஆகிறது.

காகிதப் பூச் சாயத்தில் தைத்த அந்த ஒரு சாணை முதலில் பிய்த்தெறிந்தேன். நல்ல வேலைதான். முடிச்செல்லாம் ஒரே சீராக இருந்தது. கையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது எனக்கு.

13-3, வியாழன்

வெட்கக்கேடு.

ரோசலின் அலமாரியைத் துடைக்கும்போது நோட்டு கீழே விழுந்து துணி வெளியே வந்திருக்கிறது. என் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். சிவப்பைக் கண்டால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். "என்னங்க, அடிபட்டதைக்கூடச் சொல்லலையா?" என்றாள். ஆமாம், ஊசி குத்திவிட்டது என்றேன். எந்த விரல் என்றாள். பழைய தழும்பு இருந்த விரலைக் காட்டினேன். அதில் காயம் இல்லை என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். டிங்சர் போட்டு, பஞ்சு வைத்து, கட்டுக் கட்டிவிட்டாள். கட்டும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்தக் கட்டோடுதான் வேலைக்குப் போனேன். காயமில்லாத விரலை நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, ஓய்வெடுங்கள் பர்னபாஸ் என்றார்.

22-3, சனி

மார்க்கெட்டுப் பின்பக்கம் வெங்காய மண்டியில் பசம்மாவைப் பார்த்தேன். அழுகலையும் நல்லதையும் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நழுவப் பார்த்தேன். பார்த்துவிட்டாள்.

"கம்பளம் என்னாச்சுங்க? செவப்பு போச்சுங்களா?"

கொஞ்சம் போயிற்று என்றேன்.

"வெயில்ல போட்டுராதீங்க. மிச்சம் இருக்கறது கெட்டியாப் புடிச்சுக்கும்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். கம்பளத்தைப் பற்றிக் கேட்கிறாள். நான் வாயைத் திறந்து— இல்லை, திறக்கவில்லை. அரைவீசை வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே வெங்காயம் இருந்தது.

28-3, வெள்ளி

சுந்தராம்பாள் அம்மாள் கடைக்கே வந்துவிட்டார். தலை நரைத்துவிட்டது, சிரிப்பு அதேதான். முதலாளி மன்னிப்புக் கேட்டார். கவனமில்லாத வேலைக்காரியை நிறுத்திவிட்டோம் என்றார்.

"ஐயோ பாவம், எதுக்கு நிறுத்தினீங்க? பர்னபாஸ் கை பட்டா எல்லாம் சரியாயிடும். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இவர்தான் தைச்சுக் கொடுத்தார். அந்தக் கரையில எங்கேன்னு இன்னிக்கு வரைக்கும் யாராலயும் சொல்ல முடியலை."

முதலாளி கம்பளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாயம் எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாத மனிதரா அவர்? இருபது வருஷமாக இந்தத் தொழில் செய்கிறார்.

அம்மாள் போனபின் பக்கத்தில் வந்து மெதுவாக, ஆனது ஆயிற்று, விடுங்கள், இருபதாம் தேதிக்குள் முடித்துவிடுங்கள் என்றார். அவ்வளவுதான். துணியைப் பற்றிக் கேட்கவில்லை. என்னை விட்டால் இந்த வேலைக்கு அவருக்கு வேறு ஆள் இல்லை. பசம்மாவை விட்டால் ஆள் கிடைக்கும்.

ஆக, தப்பித்துவிட்டேன். இனி யாரும் கேட்கப்போவதில்லை.

6-4, குருத்து ஞாயிறு

ரோசலின் குருத்தோலையில் சிலுவை முடைந்து என் கையில் கொடுத்தாள். "பாஸ்காத் திருநாளுக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் பண்ணுவீங்கதானே?" என்றாள். பண்ணுவேன் என்றேன். வரிசையில் நின்றும் பார்த்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். திரைக்குப் பின்னால் இருக்கிற சாமியாரிடம் குசுகுசுவென்று சொல்லிவிடலாம். அவரிடமா எந்தத் துணி என்று கேட்டேன்?

8-4, செவ்வாய்

துணியை எடுத்துக்கொண்டுபோய் முதலாளியின் மேஜைமேல் வைத்தேன். பொடி வாங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் கன்னடம் வரவில்லை, தமிழிலேயே உளறினேன். அவருக்குப் புரிந்தது.

அவர் சந்தோஷப்படவில்லை. தெரியாதவர்போல இருந்துவிடலாம் என்று நினைத்தவரை நான் அப்படி இருக்க விடவில்லை. துணியை என் பக்கம் தள்ளிவைத்தார். நீங்களே போய் அவளைக் கூட்டிவாருங்கள் என்றார்.

10-4, பெரிய வியாழன்

வெங்காய மண்டி. சொன்னேன். பசம்மா கையை நிறுத்தாமல் கேட்டாள். முடித்தபின் மண்டிக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா வான்னா வரமாட்டேனுங்க. அதே எடத்துல, அதே ஆளுங்க முன்னாடி நீங்க சொல்லோணும். அப்பறம் வாரேன்."

"சொல்றேன்மா."

"என்னோட வூட்டுக்காரரே நம்பலீங்க. நீ பாக்காம உட்டிருப்பேன்னுட்டாரு."

இதை நான் யோசித்ததே இல்லை. ஒரு மாதமாக என் வெட்கத்தை மட்டும் மடியில் போட்டுத் தாலாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேனா? புரட்டிப் பார்த்தேன். இல்லை.

12-4, சனி

கல்தளத்தில் சொன்னேன். சித்தையன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். பசம்மா கணவரையும் அழைத்துவந்திருந்தாள். அவர் வாசலோரம் நின்றார். துணியை எல்லாருக்கும் காட்டினேன். "இந்தத் துணி" என்றேன்.

முதலாளி எல்லார் எதிரிலும் சொன்னார். இனி துணி வைக்க வேண்டியது நானாம். பார்த்துச் சொல்வது பசம்மா. அவள் சொல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது.

"சரிதானே?" என்று அவளைக் கேட்டேன்.

"சரிங்க, மேஸ்திரி" என்றாள்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். இந்த முறை வரிசையை விட்டு விலகவில்லை. வீட்டுக்கு வந்து ரோசலினிடமும் சொன்னேன். "கட்டுப் போடும்போதே தெரியும்" என்றாள்.

13-4, பாஸ்கா

நற்கருணை வாங்கினேன்.

17-4, வியாழன்

கம்பளத்தைச் சுந்தராம்பாள் அம்மாள் கூடத்தில் விரித்தோம். வேலை சுத்தம். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவர் தேடத் தொடங்குவதற்கு முன்னாலேயே இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டேன். சண்டைக் காலத்துச் சாயத்தைப் பற்றியும் சொன்னேன். பசம்மா மேல் தப்பே இல்லை என்றும் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"வர்றவங்க போறவங்களையெல்லாம் உட்கார வச்சு, எங்கே தைச்சிருக்கு சொல்லுங்க பார்ப்போம்னு கேட்டிருக்கேனே பர்னபாஸ்."

நான் கம்பளத்தின் ஓரத்தை நீவிவிட்டேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா தண்ணி படாம பார்த்துக்கிட்டிருப்பேன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். காபி வந்தது. குடித்தேன். நிச்சயதார்த்தத்துக்கு வாருங்கள் என்று வழக்கமாகச் சொல்லியிருப்பார். சொல்லவில்லை.

21-4, திங்கள்

நேற்றிரவு பெய்த மழையில் கிணறு ஒரு முழம் ஏறியிருக்கிறது. சித்தையன் சிரிக்கிறான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கம்பளம் வந்தது. பச்சை, மஞ்சள், கறுப்பு. முழங்காலிட்டுத் துணி வைத்து வந்தேன். பசம்மா பின்னாலேயே நடந்து வந்தாள்.

"அந்த மூலைய உட்டுட்டீங்க, மேஸ்திரி."

விட்டுத்தான் இருந்தேன். திரும்பப் போய் வைத்து அழுத்தி எடுத்தேன். துணியை அவள் கையில் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் வாளிக்குப் பக்கத்தில் நின்றேன்.

பிறகு துணியைக் கம்பளத்தின் மூலையில் கட்டிவிட்டு, "ஊத்துங்க" என்றாள்.