பதினேழாம் பதிவில் இருந்த ஆள்

வியாழக்கிழமை, காலை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. சனிக்கிழமைக்குள் நீ ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும் என்பது தெரியும். இந்த நேரத்தில் கிழவன் கடிதம் எழுதித் தொந்தரவு செய்கிறானே என்று நீ நினைக்க மாட்டாய். ஆனாலும் நான் நினைக்கிறேன். ஆகையால் சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். நேரமில்லாவிட்டால் இரண்டாவதை மட்டும் படி.

1. வீட்டில் எல்லோரும் சுகம்.
2. பதினேழாம் பதிவின்போது பின்னறை காலியாக இல்லை. நான் உள்ளே இருந்தேன்.
3. என் மூக்குக்கண்ணாடியை எடுக்கப் போயிருந்தேன்.
4. நான் உள்ளே இருந்ததற்கு அளவுச் சான்று உண்டு.
5. உன் வேலையைப் பற்றி நான் நினைப்பது. இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை.
6. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. உன் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறுகிறாள், இறங்கும்போதுதான் என்னைத் திட்டுகிறாள். உன் கணவன் வாரத்தில் இரண்டு நாள் சமைக்கிறான். உப்பு மட்டும் இன்னும் அவன் கைக்குப் பிடிபடவில்லை. கூடத்தில் உன் கருவியின் மூன்று கால் தாங்கி நின்ற இடத்தில் நீ ஒட்டிய மூன்று துண்டு நாடாவும் அப்படியே இருக்கின்றன. பெருக்க வருகிற அம்மாள் அவற்றைச் சுரண்டப் போனபோது உன் அத்தை, "ஐயோ, எடுக்காதே! நாளைக்கு அவ வந்து எந்த இடம்னு கேட்டா உன்னையா கைகாட்ட முடியும்?" என்று தடுத்துவிட்டாள். என் உடம்புக்கும் ஒன்றுமில்லை.

இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியபோது உன் கணவன் ஒலிபெருக்கியில் போட்டிருந்தான். நான் பழைய செய்தித்தாள்களை மடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, ஆனால் கேட்டது. நாற்பது பதிவுகளில் முப்பத்தொன்பது சரியாக வந்துவிட்டன, பதினேழாவது மட்டும் காலி அறையில் ஆள் இருப்பதாகக் காட்டுகிறது என்றாய். உன் வழிகாட்டி கேட்டாராம்: "இடிஞ்ச கட்டடத்துல, இல்லாத ஆளுக்காக ஒரு சுவரை உடைக்கச் சொல்லுமேம்மா உங்க கருவி, அப்ப என்ன பதில் சொல்வீங்க?" பதில் இல்லை, வீட்டில் எடுத்த பதிவுகளின் அத்தியாயத்தையே நீக்கிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாய். "ஒண்ணே ஒண்ணுதானே, அதை மட்டும் விட்டுடேன்" என்று உன் கணவன் சொன்னதற்கு நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "பிடிக்காத அளவை விட்டுட்டா, மீதி இருக்கிறதும் அளவு இல்லப்பா."

நான் ஒரே தாளை மூன்று முறை மடித்தேன்.

அந்த அத்தியாயம் போனால் தீயணைப்புத் துறையினர் உன் கருவியை முயன்று பார்க்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆய்வகச் சுவரை வைத்து எடுத்த அளவுகள் அவர்களுக்குப் போதாது, வீடு வேண்டும், அலமாரியும் திரைச்சீலையும் மின்விசிறியும் உள்ள வீடு வேண்டும் என்று கேட்டதனால்தானே நீ விடுமுறையில் மூன்று வாரம் இங்கே வந்து கருவிப் பெட்டியை நட்டாய்?

அன்று நடந்ததை எழுதுகிறேன். கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள பின்னறை காலியாக இருக்கும்போது ஒரு பதிவு வேண்டும் என்றாய். வீட்டுக்குள் யாரும் நடமாடக் கூடாது என்பதற்காகக் கருவியை ஓடவிட்டு, அத்தையையும் அழைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாய். உன் கணவன் வேலைக்குப் போயிருந்தான். என்னை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாய். கையில் கடிகாரம், மடியில் நேரத்தாள். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடக்கம், இருபத்தைந்துக்கு முடிவு. நடுவில் நான் எழுந்து, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப்போய், கொல்லைக் கதவைத் திறந்து, நான்கு பதின்மூன்றுக்குப் பின்னறைக்குள் போனேன். இருபத்துநான்குக்கு வெளியே வந்தேன். நீ திரும்பி வந்து, "பதினேழு காலிதானே மாமா?" என்று கேட்டாய். "காலிதான்மா" என்றேன். தாளில் எழுதியும் கொடுத்தேன்.

எடை அளவுச் சோதனை அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டு வேலை பார்த்தவன் நான். எத்தனையோ கடைத் தராசுகளுக்கு முத்திரை வைத்திருக்கிறேன், எத்தனையோ தராசுகளைப் பறிமுதல் செய்திருக்கிறேன். பார்க்காத அளவை எழுதியதில்லை. பார்த்த அளவை மாற்றியதும் இல்லை. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, சொந்த வீட்டில், மருமகளின் தாளில் முதல் பொய்யை எழுதினேன்.

மூன்றாவது. கண்ணாடியைப் பின்னறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். நேரத்தாளின் கட்டங்கள் சின்னவை, கண்ணாடி இல்லாமல் எழுத வராது. எடுத்து வரப் போனேன். தேடியதில் நேரமாகிவிட்டது. சொன்னால் பதிவைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்குமே, இன்னும் இருபத்துமூன்று பதிவு மீதி இருக்கிறதே என்று மறைத்துவிட்டேன்.

நான்காவது. வெறும் சொல்லை நீ ஏற்கக் கூடாது. பதினேழாம் பதிவுக்கு உன் கருவி வரைந்த படத்தை உன் கணவனின் கைபேசியில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பெட்டியிலிருந்து நான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டரில் ஆள் இருப்பதாக அது சொல்கிறது. கட்டில் அதற்கு முன்னாலேயே வந்துவிடும், நாற்காலியும் அப்படியே. மற்ற பதிவுகளில் நாங்கள் உட்கார்ந்தது அந்த இரண்டில்தான். நான்கு மீட்டரில் இருப்பது அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே கிடக்கும் குட்டை முக்காலி ஒன்றுதான். அதில் யாரும் உட்காருவதில்லை. நேற்று உன் அத்தை குளிக்கப் போன நேரத்தில் அளவு நாடாவை எடுத்து அளந்தேன். நாடாக் குறியிலிருந்து சுவர் வரை ஒரு மீட்டர் இரண்டு சென்டிமீட்டர். சுவரின் கனம் சன்னல் விளிம்பில் இருபத்துமூன்று. சுவரிலிருந்து முக்காலியின் நடு வரை இரண்டு மீட்டர் அறுபத்தாறு. செங்கல்லுக்குள் உன் கருவி அனுப்பும் அலை மெதுவாகப் போவதால் தூரம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்று நீ சொல்லியிருந்தாய். சுவரின் கனத்தை இன்னொரு முறை சேர்த்தேன், அது சரியா என்று நீதான் பார்க்க வேண்டும். மொத்தம் நான்கு மீட்டர் பதினான்கு. உன் படத்தோடு நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். என் தொப்பையைச் சேர்த்துக்கொண்டால் அதுவும் நேராகிவிடும்.

குளிர்பதனப் பெட்டியின் அதிர்வாக இருக்கலாம் என்றாயாம். மூன்று நாளாக அதன் எதிரே உட்கார்ந்து நேரம் குறித்தேன். ஒரு முறை ஓடத் தொடங்கினால் இருபது நிமிடத்துக்குக் குறைந்து நிற்பதில்லை. "அதுக்கு என்ன ஜுரமா, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க?" என்று உன் அத்தை கேட்டாள். பதினொரு நிமிடம் வந்து போனது அது இல்லை.

ஐந்தாவது. நான்கு ஆண்டுக்கு முன் உனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தபோது வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான், "முப்பத்தெட்டு வயசாச்சு, இந்த வயசுல எதுக்கும்மா?" என்றேன். நீ கோபப்படவில்லை. "தராசுக்கு வயசு பாத்தா மாமா முத்திரை வைப்பீங்க? முள்ளு நேரா நிக்குதான்னு பாத்துத்தானே?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. நீ கிளம்பிய நாளிலும் "சாப்பிட்டியா" என்றுதான் கேட்டேன்.

இந்த மூன்று வாரத்தில்தான் நீ செய்வது என்னவென்று கொஞ்சம் புரிந்தது. தவறாகப் புரிந்திருந்தால் திருத்து. பெட்டி ஓர் அலையை அனுப்புகிறது. அது சுவரைக் கடந்து போய், ஆளின் மார்பில் பட்டுத் திரும்புகிறது. மூச்சு விடும்போது மார்பு அசைவது சில மில்லிமீட்டர்தான். சுவரும் அலமாரியும் திருப்பி அனுப்பும் அலையோ அதைப்போல ஆயிரம் மடங்கு. "மாறாததெல்லாம் கழிஞ்சிடும் மாமா, மாறுறது மட்டும் நிக்கும்" என்று நீ திரையில் காட்டினாய். கறுப்பாகக் கிடந்த திரையில் மெல்லிய கோடு ஒன்று ஏறி இறங்கியது. அது உன் அத்தையின் மூச்சு. முள் ஆடினால் குற்றம் என்று எழுதியே பழகியவன் நான். நீ அந்த ஆட்டத்தைத் தேடி அலைகிறாய்.

அத்தை இருமிவிட்டுப் பதறியபோது நீ, "இருமுங்க அத்தை, நிஜ வீட்டுல இருமத்தானே செய்வாங்க" என்றாய். இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்து வெளியே வந்த அவள், "இந்த வீட்டுல என்னை வாயை மூடிக்கிட்டு இருன்னு சொல்ற தைரியம் உனக்குத்தான் வந்திருக்கு. உங்க மாமா நாப்பத்தஞ்சு வருஷமா முயற்சி பண்ணிட்டிருக்கார்" என்றாள். எல்லாவற்றுக்கும் சிரித்தாய், ஒரு பதிவையும் அவசரப்படுத்தவில்லை. சரியாக வந்த பதிவுகளைக்கூட நம்பாமல் திரும்ப எடுத்தாய். என் அலுவலகத்தில் உன்னைப் போல ஓர் ஆள் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நல்ல சோதகனாக இருந்திருப்பேன்.

அன்று, பதினேழாம் பதிவுக்கு முன், புதிதாக அச்சிட்ட நேரத்தாளை என்னிடம் கொடுத்தாய். மேலே என் பெயர், எதிரே "நேரக் காப்பாளர்" என்று இருந்தது. "நன்றிப் பக்கத்துல இல்ல மாமா. ஆய்வு முறை அத்தியாயத்துலயே உங்க பேரு வருது. உங்க தாளை நம்பித்தான் எல்லாம்" என்றாய். நான் "சரிம்மா" என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

ஆறாவது, வேண்டுகோள். அத்தியாயத்தை நீக்காதே. பதினேழாம் வரியில் "காலி" என்பதை அடித்துவிட்டு "ஒருவர்" என்று எழுது. நேரக் காப்பாளரின் பிழை என்று என் பெயரைச் சொல்லியே குறிப்புப் போடு. வழிகாட்டி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது: அந்தச் சுவரை உடைத்திருந்தால் ஆள் இருந்திருப்பான். அவர் என்னிடம் நேரில் கேட்க வேண்டுமென்றால் தொலைபேசியில் பேசுகிறேன். குரல் நடுங்கும், அதை அவர் பொருட்படுத்த வேண்டாம்.

நீ எடுத்த வேலை நிறைவாக முடியட்டும். உன் பெட்டி ஒரு நாள் யாரோ ஒருவரின் மூச்சைக் கண்டுபிடித்துக் கொடுக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

இத்துடன் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடிதத்தைப் படம் பிடித்து அனுப்புமுன் ஒரு முறை படித்துப் பார்த்தேன். சரிபார்க்காமல் எதையும் அனுப்பும் வழக்கம் எனக்கில்லை. மேலே ஒன்று இடிக்கிறது. கண்ணாடி தேடுகிறவன் அறையில் அங்குமிங்கும் நகர்வான். உன் படத்தில் இருக்கும் ஆள் பதினொரு நிமிடமும் ஒரே இடத்தில் இருக்கிறான். தேர்வுக்குழுவில் யாராவது ஒருவர் இதைக் கண்டுபிடிப்பார். அவருக்கு முன்னால் நீயே கண்டுபிடிப்பாய். அப்புறம் என் மற்ற அளவுகளையும் நம்ப மாட்டாய்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பதிவின் மூச்சுக் கோட்டைக் காட்டி, இது மனித மூச்சே இல்லை, மூன்று குட்டை மூச்சு, ஒரு நீளம், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை, இப்படி யாரும் மூச்சு விடுவதில்லை என்று உன் கணவனிடம் சொன்னாயாம். அதனால்தான் உன் கருவி பிழை செய்தது என்று முடிவுகட்டினாய்.

மூன்றாவது குறிப்பு தவறு. கண்ணாடி அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது. என் பெயர் போட்ட அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு என்னால் வாசலில் உட்கார முடியவில்லை. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். துண்டை வாயில் அழுத்திக்கொண்டால் மனித மூச்சு அப்படித்தான் வரும் அம்மா. உன் கருவி சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

ஆய்வேட்டில் "மூச்சு சீராக இல்லை" என்று எழுதினால் போதாதா? போதாது என்றால் உள்ளதை உள்ளபடி எழுது. உன் அத்தைக்கு மட்டும் அந்தப் படத்தைக் காட்டாதே.

உன் மாமா