அப்பாவின் மோட்டார் சாவி

ரெம்பாவ்,
புதன்கிழமை

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தம்பி புனிதனும் ஆத்தா புண்ணியத்தில் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வந்தால் முணுமுணுக்கிறது. அந்த ஆக்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அப்பா கிடைத்துவிட்டார். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ அழுவாய், உன்னைக் கேட்டு நான் அழுவேன், அப்புறம் இருவரும் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவோம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோலா சாவா தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள், இடுகாட்டில் இருப்பவர்களை மாதக் கடைசிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று நோட்டீஸ் வந்ததுதான் உனக்குத் தெரியுமே. நாம் தோட்டத்தை விட்டு இங்கே வந்து பன்னிரண்டு வருடம், போய்ப் பார்த்தால் லாலான் புல் ஆள் உயரம், நாம் நட்ட பலகையைக் காணோம். நம் தோட்டத்துப் பஞ்சாலை அக்காளின் வீட்டுக்காரரும் அப்பா போன அதே மாதம் தவறி, பக்கத்திலேயே புதைக்கப்பட்டவர். இடது பக்கம் இருப்பது உன் அப்பா என்று நான், இல்லை என் புருஷன் என்று அவள். "ஏன்டி குமுதா, என் புருஷன் எங்க படுத்திருக்காருன்னு எனக்குத் தெரியாதா லா" என்று எல்லார் முன்னாலும் கத்தினாள், நானும் சும்மா விடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்தத் தைரியம் போய்விட்டது. யாரையோ எரித்துக் கடலில் கரைத்துவிட்டு, உன் அப்பாவை யார் வீட்டுக் குசினி அடுப்புக்கோ அடியில் விட்டுவிடுவேனோ என்று மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைச் சொல்லி உன்னிடம் புலம்பியபோதுதான் நீ அந்தச் சாவிக் கதையைச் சொன்னாய். அப்பாவைக் கிடத்தியிருந்தபோது அவர் வெள்ளைச் சட்டைப் பையில் மோட்டார் சைக்கிள் சாவியைப் போட்டது நீதான் என்று. அடி என் மகளே, அந்தச் சாவியைத் தேடி நான் வீட்டையே தலைகீழாகப் புரட்டினேனே, மறுநாள் "அப்பன் போன வீட்டுல உனக்கு விளையாட்டு கேக்குதா" என்று விளக்குமாற்றால் அடித்தேனே, ஒன்பது வயதில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாயா நீ? ஏன் போட்டாய் என்று இப்போது கேட்டதற்கு, அப்பாவுக்கு முட்டி வலிக்கும், அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று நினைத்தேன் என்கிறாய்.

நீ நினைத்ததில் தப்பில்லை, எதிரே இருக்கும் கடைக்கும் மோட்டாரில் போன மனுஷன்தானே. விடியுமுன் ரப்பர்க் காட்டில் பால்மரம் வெட்டப் போய், பாலை நிறுத்துக் கொடுத்த கையோடு உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ரந்தாவுக்கு ஓடுவார். மழை பெய்தால் உன் கால் சப்பாத்தைக் கழற்றித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தான் நனைந்து வருவார். புனிதன் வயிற்றில் இருந்தபோது என்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பிள்ளை குலுங்கக் கூடாதாம், அவ்வளவு மெதுவாக ஓட்டினார், சைக்கிளில் வந்தவர்களெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். "இது மோட்டாரா மாட்டு வண்டியா" என்று திட்டினேன். உடனே இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தோண்டினார்கள். இடது பக்கத்தை முதலில் திறந்தார்கள், சாவி இல்லை. மண் தின்றிருக்குமோ, நீ கனவு கண்டதைச் சொன்னாயோ என்று புனிதன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வலது பக்கம். அவனே குனிந்து மண்ணைத் தள்ளி எடுத்தான், பச்சை படிந்த சாவி, அதில் பால் பிடிக்கும் மங்கை மரத்தில் கட்டும் கம்பியை வளைத்து உன் அப்பா போட்ட வளையம். அப்பாவைப் போட்டோவில் மட்டுமே அறிந்த பிள்ளை, "அம்மா, இதுவா பாருங்க" என்று இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். பஞ்சாலை "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஒரு சண்டையில் தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்றே எரித்து, மறுநாள் போர்ட்டிக்சன் கடலில் கரைத்தோம். சாவியை உனக்குத் தபாலில் அனுப்பலாம் என்றான் புனிதன். நான் சம்மதிக்கவில்லை. நீ அவருக்குக் கொடுத்தது, நடுவில் பிடுங்க நான் யார்? சிவப்புத் துணியில் அஸ்தியோடு சேர்த்து முடிந்து, இடுப்பளவு தண்ணீரில் நானே இறக்கினேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன், புனிதன் வாயைப் பிளந்து பார்த்தான்.

ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. காரை மெதுவாக ஓட்டு, உன் அப்பா என்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோன வேகம் போதும். அந்த மகாராஜன் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும் நீ. அன்று அடித்ததற்கு உன்னிடம் என்ன சொல்லிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை அம்மா. இனி ஒன்று மட்டும் நினைத்துக்கொள், அவர் நடந்து போகவில்லை.

உன்னை வீணாக அடித்த அம்மா,
குமுதவல்லி நல்லசாமி