மாவு கூடியது, வண்டி குறைந்தது

இன்று ஐ.என்.ஏ. மார்க்கெட் கடையைத் திறந்ததும் இட்லி மாவு பொங்கி வழிந்த புளிப்பு வாடை. ஒரு டப்பாதான், மூடி சரியில்லை. ஆத்திரம் உன் மேல் வந்தது. செத்துப்போன நண்பனைத் திட்டக் கூடாதாம். எனக்கு அந்த மரியாதையெல்லாம் வராது.

நான் மாவு விற்கிறவன். நீ கணினிக்குள் பரிணாமம் நடத்தியவன்; என் கடைக்கும் அப்படி ஒரு நிரல் எழுதித் தந்தாய். அதில் தினம் எவ்வளவு மாவு அரைப்பது என்பதற்கு ஒரு கூட்டம் விடைகள், எத்தனை வண்டி என்பதற்கு இன்னொரு கூட்டம். சுற்றுக்குச் சுற்று தேறாதவை கழியும், தேறியவை கலந்து மேம்படும். ஒவ்வொன்றையும் மறு கூட்டத்தின் சிறந்த விடையோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்றாய்.

"அப்ப மாவு முதல்ல முடிவாகட்டும். அதப் பாத்துட்டு வண்டி முடிவாகட்டும்," என்றேன்.

"கடைக்காரா, வரிசையில நின்னா என்னைக்கு முடியறது? ரெண்டும் ஒண்ணா ஓடும். ஜல்தி, சீக்கிரம் முடியும்!"

"ஒண்ணா ஓடுனா ஒண்ணு மத்ததோட பழைய விடையத்தானேடா பாக்கும்?"

"அச்சா, நீ எனக்குப் பாடம் எடு," என்று சிரித்தாய்.

மே மாதத்தில் அதுதான் நடந்தது. மாவுப் பக்கம், முந்தைய சுற்றின் இரண்டு வண்டிகளைப் பார்த்து மாவைக் கூட்டியது. வண்டிப் பக்கம், முந்தைய சுற்றின் கொஞ்ச மாவைப் பார்த்து ஒரு வண்டியைக் குறைத்தது. புது விடைகள் இரண்டையும் சேர்த்து ஒருமுறை எடைபோட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதற்கும் உனக்குப் பொறுமையில்லை. ஆர்.கே.புரம் போகவேண்டிய மாவு கடை வாசலில் வழிந்தது.

நீ கைகாட்டியது இரண்டாவது வண்டி டிரைவர் முருகேசனை. "சோம்பேறி, வண்டியே எடுக்கல." அவர் போனை நீட்டி, "அண்ணே, ஒரு வண்டி போதும்னு கடைக் கணினிலேர்ந்து போன்லதான் வந்துச்சு," என்றார். உன் படிப்பை நம்பி அவரை வேலையிலிருந்து நிறுத்தினேன்.

நீ போன பிறகு கடைக் கணினியில் அந்த நாளின் பதிவைப் பார்த்தேன். கீழே நீ எழுதிய குறிப்பு: 'பழைய விடையோடு ஒப்பிட்டதால் வந்த பிழை. டிரைவர் தவறில்லை.' தெரிந்தே வாயை மூடிக்கொண்டு என் கடையில் டீ குடித்தாய்.

முருகேசனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அவர விடுங்கண்ணே. அன்னிக்குப் போனை நீட்டுனேனே, நீங்க ஏன் வாங்கிப் பாக்கல?" என்றார். வேலைக்கு வர மறுத்துவிட்டார்.

இப்போது இரண்டு கூட்டத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட விடுகிறேன். நேரம் பிடிக்கிறது. உட்கார்ந்திருக்கிறேன். பிறகு இரண்டாவது வண்டியை நானே ஆர்.கே.புரத்துக்கு ஓட்டிப் போகிறேன், வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டு. முருகேசனின் கேள்வி நினைவுக்கு வரும்போது மட்டும் திட்டு என் பக்கம் திரும்புகிறது.