மண்புழுவின் வரைபடம்

மார்ச் 3

அன்புள்ள அப்பா,

மேட்டில் சிக்னல் கிடையாது, அதனால் கடிதம். சாலை போடுவதற்கு முன்னால் நிலத்தில் பழங்காலத் தடயம் ஏதாவது இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்து, வரைபடம் போட்டுத் தருவதுதான் இங்கே என் வேலை. பானை ஓடு தேடிப் போன இடத்தில் ஏழு எலும்புக்கூடுகள். மணிக்கட்டுகளைப் பின்னால் வளைத்துக் கம்பியால் முறுக்கியிருக்கிறார்கள். பின்மண்டையில் ஆளுக்கொரு ஓட்டை. ஒருவரின் விலா எலும்புக்கு நடுவே பிளாஸ்டிக் பொத்தான். பழங்காலமாவது, மண்ணாங்கட்டியாவது.

முப்பது வருஷத்துக்கு முன் இதே மேட்டில்தானே உங்கள் போலீஸ் முகாம் இருந்தது? ஏதாவது காதில் விழுந்ததா? எலும்பைத் தொட்ட கையோடு சாப்பிடுகிறேனா என்று அம்மா கேட்டால், சோப்பு போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மண்புழு

மார்ச் 9

என் செல்ல மண்புழுவுக்கு,

அப்பா எழுதுவது. நலம். ரத்த அழுத்தம்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, உன்னைப் போல. நீ இளைத்துவிட்டாய் என்று அம்மா பார்க்காமலே புலம்புகிறாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக்காதே கண்ணு. பழைய இடுகாடு என்று எழுதிவிட்டுக் குழியை மூடு. அந்தக் காலத்தில் அவர்களும் எங்கள் ஆட்களை வெட்டிச் சாய்த்தார்கள், அதற்கு யார் வரைபடம் போட்டார்கள்? செத்துப்போன பன்னிரண்டு பேருக்காக, உயிரோடு இருக்கிறவர்களைச் சந்தி சிரிக்க வைக்காதே. உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன் கேட்கிறேன்.

அப்பா

மார்ச் 15

அப்பா,

நான் ஏழு என்றுதான் எழுதியிருந்தேன். பன்னிரண்டு என்று உங்களுக்கு யார் சொன்னது?

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு குழியைக் கிழக்கே நீட்டினேன். மீதி ஐந்து பேரும் இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆளின் மண்டையில் ஓட்டை இல்லை. தாடை மட்டும் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததுபோல நொறுங்கியிருந்தது. கம்பி ஒரு கையிலிருந்து கழன்றிருந்தது. அந்த விரல்கள் தலைக்கு மேலே, மண்ணைப் பிறாண்டியபடி கிடந்தன. உயிரோடு மூடியிருக்கிறீர்கள் அப்பா. அந்த வருஷம் எனக்கு இரண்டு வயது. அதே கையால்தான் என்னைத் தூக்கியிருக்கிறீர்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குத் தெரியாது. வரைபடத்தில் பன்னிரண்டு புள்ளிகள் வைத்துவிட்டேன். அறிக்கையோடு உங்கள் கடிதத்தையும் இணைத்துக் கொடுத்தேன்.

இது வந்து சேரும்போது உங்களை அழைத்துப்போக ஆட்களும் வந்துவிடுவார்கள். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். போகும்போது ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மகள்